குண்டுமணி மாலை வேண்டாமே!

வீட்டிலேயே நகை செய்கிற கலை இன்று ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. பட்டு நூல் சுற்றிய வளையல், சுடுமண் ஜிமிக்கி, செம்புக் கம்பியை வளைத்துச் செய்த மோதிரம், தேங்காய்ச் சிரட்டையில் அறுத்தெடுத்த டாலர், ரெசினில் பதித்த பூவிதழ்... மகளிர் குழுக்களின் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள், அசந்து போவீர்கள். சமையலும் பாத்திரமும் முடிந்த பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில், கைக்கு வேலையும் மனசுக்கு அமைதியும் நாலு காசும் தருகிற தொழில் இது. நம் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பளிங்கையும் சூதுபவளத்தையும் துளையிட்டு மணி கோத்திருக்கிறார்கள். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்த தடயங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன.

"சரி, இதில் வைத்தியருக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நகை என்பது தோலோடு ஒட்டிக் கிடக்கிற பொருள். வியர்வையில் நனைகிறது. இடுப்பில் இருக்கும் குழந்தை முதலில் பிடித்து இழுத்து வாயில் வைப்பது அம்மாவின் கழுத்து மாலையைத்தான். ஆகவே எதைக் கோக்கிறோம் என்பது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல, ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட.

"பிளாஸ்டிக் வேண்டாம் டாக்டர், எல்லாம் இயற்கைப் பொருள்தான் போடுறேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான். ஆனால் 'இயற்கை என்றால் கெடுதல் இல்லை' என்ற நம்பிக்கையை மூலிகை வைத்தியனான நானே மறுத்தாக வேண்டும். எட்டியும் இயற்கைதான், அரளியும் இயற்கைதான். சித்த மருத்துவப் படிப்பில் நஞ்சுகளுக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தில் வருகிற ஒரு விதையைத்தான் இன்று மாலையாகவும் கைவளையாகவும் கோத்து விற்கிறார்கள். அதுதான் குண்டுமணி. குன்றிமணி என்பதும், பேச்சு வழக்கில் குந்துமணி என்பதும் அதுவே.

இந்த விதைக்கும் நகைக்கும் பழைய உறவு உண்டு. பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாக இருந்தது இது. ஒரு விதை சுமார் 120 மில்லிகிராம். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது அந்தக் காலக் கணக்கு. "வீட்டில் குந்துமணி தங்கம்கூட இல்லை" என்று இன்றும் சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு, பளபளப்பு. கோத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு.

உடனே ஒரு கேள்வி வரும். "எங்க பாட்டி குண்டுமணியை வச்சு பல்லாங்குழி ஆடினாங்க. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம். யாருக்கு என்ன ஆச்சு?"

நியாயமான கேள்வி. பதில் அந்த விதையின் தோலில் இருக்கிறது. குண்டுமணியின் மேல்தோல் கல் போலக் கெட்டியானது. முழு விதையை ஒரு குழந்தை மெல்லாமல் விழுங்கிவிட்டால், பெரும்பாலும் அது அப்படியே வெளியேறிவிடும். நஞ்சு வெளியே வர வழியில்லை. ஆனால் மாலை கோக்க என்ன செய்கிறோம்? ஊசியாலோ துரப்பணத்தாலோ துளை போடுகிறோம். அதாவது, இயற்கை போட்ட பூட்டை நாமே உடைத்துவிடுகிறோம்! பாட்டியின் பல்லாங்குழியில் இருந்தது முழு விதை. இன்றைய மாலையில் இருப்பது ஓட்டை விதை. இரண்டும் ஒன்றல்ல. துளையிடும்போது பறக்கிற தூளும் சாதாரணமானதல்ல, கண்ணில் பட்டால் கடுமையான அழற்சி உண்டாகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஈடன் புராஜெக்ட் என்ற புகழ்பெற்ற தாவரப் பூங்கா இருக்கிறது. செடிகொடிகளைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொல்லும் இடம். அங்கேயே குண்டுமணி கோத்த கைவளை விற்கப்பட்டு, 2011-ல் வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் யோசியுங்கள். எங்கள் மருத்துவத்தில் குன்றிமணியை அப்படியே சேர்ப்பதில்லை. பாலிலோ காடியிலோ வேகவைத்துச் சுத்தி செய்த பிறகே சேர்க்கிறோம். வெப்பம் பட்டால் அப்ரின் சிதையும் என்று இன்றைய விஞ்ஞானம் அதற்குக் காரணம் சொல்கிறது. சுத்தி செய்த பிறகும்கூட, நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடும் மருந்து விதிகளின் 'இ-1' அட்டவணையில் குன்றி இருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்து என்றால், வைத்தியர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். மருந்துக்கு இத்தனை கட்டுப்பாடு. அதே விதையைச் சுத்தி செய்யாமல், ஓட்டை போட்டு, குழந்தைக் கையில் கட்டுகிற நகையில் ஒரு வரி எச்சரிக்கையும் இல்லை! இது எந்த ஊர் நியாயம்?

என் கருத்து இதுதான்: குண்டுமணியை நகையில் சேர்க்கவே வேண்டாம். எச்சரிக்கை ஒட்டி விற்பதும் போதாது, ஏனென்றால் மாலை அறுந்து உருளும் மணியோடு லேபிள் கூடவே உருளாது. சிவப்பு விதைதான் வேண்டுமென்றால் மஞ்சாடி இருக்கிறது. கறுப்பு மூக்கு இல்லாமல் முழுச் சிவப்பாக, கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதையும் தின்னக் கூடாது. ஆனால் குண்டுமணி போன்ற கொடிய நஞ்சு அதில் இல்லை.

உலோகத்திலும் கவனம்

விதையோடு விஷயம் முடியவில்லை. "கவரிங் போட்டா ஒத்துக்கலை, காது புண்ணாகுது" என்று வருகிறவர்கள் ஏராளம். பல நேரம் குற்றவாளி நிக்கல். வியர்வையில் கரைந்து தோலுக்குள் போய் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதைப் பகையாளியாக நினைத்துவிட்டால், பெரும்பாலும் ஆயுள் முழுக்க அந்தப் பகை தீராது. 'ஜெர்மன் சில்வர்' என்று ஒன்று விற்கிறார்களே, அதில் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. செம்பு, நாகம், நிக்கல் சேர்ந்த கலவை அது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாலை, டாலர் எதுவாக இருந்தாலும், காதுத் துளைக்குள் போகிற கம்பியை மட்டுமாவது 92.5 வெள்ளியில் போடுங்கள். அதில் மீதி 7.5 பங்கு பொதுவாகச் செம்புதான். செம்புக் கம்பி தோலில் பச்சைக் கறை படியச் செய்யும், ஆனால் அது கழுவினால் போய்விடும், பயம் வேண்டாம். அரிப்பும் நீர்க்கசிவும் வந்துவிட்டால் முதல் மருந்து நகையைக் கழற்றுவதுதான். மஞ்சள் பூசிக்கொண்டு அதையே மாட்டிக்கொண்டிருந்தால் புண் ஆறாது.

அடுத்தது காரீயம். ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் பற்றவைக்கும் ஈயக் கம்பியில், பழைய வகை என்றால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் இருக்கும். நகை பற்றவைக்க அது ஆகாது. காரீயம் கலக்காத கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 2006-ல் நாலு வயதுக் குழந்தை ஒன்று இதய வடிவ உலோக டாலரை விழுங்கி இறந்துபோனது. அந்த டாலர் 99 சதவீதம் காரீயம்! காலணி வாங்கியபோது இலவசமாகக் கிடைத்த பொருள் அது. கிலோக் கணக்கில் வாங்குகிற மலிவான டாலர்களில் என்ன உலோகம் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ரெசின் வேலை செய்கிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அடுப்படியில் செய்யவே கூடாது.

ஒரு சின்னச் சீட்டு

தொழிலாகச் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நகையோடும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். "கம்பி பித்தளை, கொக்கி வெள்ளி, விதை மஞ்சாடி, சிறு குழந்தைகளுக்கு அல்ல." அவ்வளவுதான். காசு அதிகம் ஆகாது. 'இந்தம்மா விவரமானவங்க' என்று வாங்குகிறவர் மறுபடி உங்களிடமே வருவார். வாங்குகிற நீங்களும் "இது என்ன விதை, என்ன உலோகம்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாம் கேட்டால்தான் சீட்டு வரும்.

வீட்டில் குண்டுமணி மாலை ஏற்கெனவே இருக்கிறதா? குழந்தை கைக்கு எட்டாதபடி கெட்டியாகப் பொட்டலம் கட்டி இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். எந்தக் குழந்தையாவது கடித்துவிட்டது, துளையிட்ட மணியை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கைவைத்தியம், என்னைப் போன்ற சித்த வைத்தியர் வீடு என்று அலையவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதி விதைகளையும் கையோடு கொண்டு போங்கள். வாந்தியும் பேதியும் தொடங்கப் பல மணி நேரம் ஆகலாம், சில சமயம் மறுநாள்கூட ஆகலாம். 'குழந்தை நல்லாத்தானே விளையாடுது' என்று காத்திருக்காதீர்கள். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் போவது ஒன்றுதான் வழி.