கிணற்று நீரை அளப்பது யார்? வளையும் ஒளிச் சில்லும் வடக்கின் கேள்வியும்

சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் பகிரங்கமாகிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அப்பகுதியில் இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு உத்தரவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு முந்திய ஆண்டுகளில் வலிகாமம் மக்கள் எதிர்கொண்ட மிகப் பெரிய துன்பம், தமது கிணற்றில் என்ன இருக்கின்றது என்பதை எவரிடமிருந்தும் உறுதியாக அறிய முடியாமல் போனதுதான். நீரில் எண்ணெய் உண்டு என்றது ஓர் அறிக்கை. அஞ்சத் தேவையில்லை என்றது இன்னொன்று. மக்களோ பவுசரில் வந்த தண்ணீருக்காக வரிசையில் நின்றார்கள்.

இந்தப் பின்னணியில்தான், வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் உருவாகிவரும் ஒரு தொழில்நுட்பத்தை நாம் பார்க்க வேண்டியுள்ளது. வளைக்கக்கூடிய மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் பதிக்கப்பட்ட ஒளிச் சில்லுகள் அவை. செங்கீழ்க் கதிர் எனப்படும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு இரசாயனங்களை அடையாளம் காண்பதே அவற்றின் வேலை.

அடிப்படை எளிமையானது. எந்த மூலக்கூறிலும் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்குரிய அலைநீளத்தில் செங்கீழ்க் கதிரை உறிஞ்சும். எண்ணெயில் உள்ள காபன்-ஐதரசன் பிணைப்பு ஏறத்தாழ 3.4 மைக்றோமீற்றரில் உறிஞ்சுகின்றது. காபனீரொட்சைட்டு 4.3 மைக்றோமீற்றருக்கு அண்மையில் உறிஞ்சுகின்றது. எந்த அலைநீளத்தில் ஒளி குறைந்தது என்று பார்த்தால் பொருள் எது என்று தெரியும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் அதன் அளவு தெரியும். நீரிலுள்ள எண்ணெயை ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து இதே முறையில் அளப்பது இரசாயன ஆய்வுகூடங்களுக்குப் பழக்கமான வேலை. ஆனால் அதற்கு மேசையை நிறைக்கும் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

அந்தக் கருவியைச் சில்லுக்குள் சுருக்குவதில் ஒரு தடை இருந்தது. கணினிச் சில்லுகளில் சிலிக்கனோடு பயன்படும் சிலிக்கனீரொட்சைட்டு, 4 மைக்றோமீற்றரை அண்மித்ததும் தானே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் கந்தகம், செலனியம் போன்ற மூலகங்களைக் கொண்ட வேறொரு கண்ணாடி வகையை நாடினார்கள். அக்கண்ணாடி செங்கீழ்க் கதிரை நெடுந்தூரம் கடத்தும். குறைந்த வெப்பநிலையிலேயே படியவைக்கலாம் என்பதால் பிளாஸ்ரிக் உருகிவிடும் என்ற பயமும் இல்லை.

கண்ணாடி வளைந்தால் உடையும் அல்லவா? 2014இல் அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகத்தில் இருந்தவரும், பின்னர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்குச் சென்றவருமான ஜூஜுன் ஹூவின் குழு இதற்கு விடை தந்தது. ஒரு தாளை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நெருக்குப்படும். இரண்டுக்கும் இடையில் இழுவையோ நெருக்கமோ இல்லாத ஒரு தளம் இருக்கும். பல படைகளைக் கணக்கிட்டு அடுக்கி, கண்ணாடியை அந்தத் தளத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆரையில் வளைத்தும் அச்சில்லு தாங்கியது. ஒளி செல்லும் அந்த நுண்ணிய பாதையிலிருந்து சிறு பகுதி வெளியே கசிந்தபடியே போகும். பாதையை ஒட்டி நிற்கும் இரசாயனம் அந்தக் கசிவைத்தான் உறிஞ்சுகின்றது. குழாயைச் சுற்றியோ, கையுறையிலோ, தோலிலோ இத்தகைய உணரியை ஒட்டலாம் என்ற எதிர்பார்ப்பு இங்கிருந்துதான் வருகின்றது.

இதை வைத்து நாளையே எமது கிணறுகள் காப்பாற்றப்பட்டுவிடும் என்று எழுதுவது மக்களை ஏமாற்றுவதாகும். முதலாவது, நீர் தானே செங்கீழ்க் கதிரைக் கடுமையாக உறிஞ்சும். எனவே எண்ணெயை மட்டும் தன்னில் சேர்த்துக்கொள்ளும் ஒரு மென்படையைச் சில்லின் மேல் பூச வேண்டும். இரண்டாவது, சில்லு சிறிதானாலும் அதற்கு ஒளி தரும் லேசரும் உணர்கருவியும் இன்னும் மலிவானவையாக இல்லை. மூன்றாவது, இதுவே மிக முக்கியமானது: நீரில் கரைந்த ஈயத்தை இந்த முறை நேரடியாகக் காட்டாது. தனித்து நிற்கும் உலோக அயனுக்கு அதிரும் பிணைப்பு இல்லை. ஆகவே எண்ணெய் இல்லை என்று ஒரு கருவி சொன்னால், நீர் குடிக்க உகந்தது என்று அதற்கு அர்த்தமாகாது. இந்த வேறுபாடு தெரியாத மக்களிடம் ஓர் இலக்கத்தை மட்டும் காட்டி, எல்லாம் நலம் என்று அனுப்பிவிடுவது இலகு.

கண்ணிவெடி விடயத்திலும் இதே நிதானம் தேவை. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2028 ஜூனுக்குள் நிலங்களைத் துப்புரவு செய்து முடிக்கும் கடப்பாடு அதற்கு உண்டு. வெடிமருந்துகளிலுள்ள நைத்திரோ தொகுதிகளும் செங்கீழ்க் கதிரில் தமக்கென அடையாளம் கொண்டவைதான். ஆனால் ரிஎன்ரி அறை வெப்பநிலையில் மிகக் குறைவாகவே ஆவியாகும். மூடிய கலத்துக்குள்கூட அந்த ஆவி நூறு கோடியில் சில பங்கு அளவில்தான் நிற்கும். புதைந்து கிடக்கும் வெடிக்கு மேலே அதையும் விடக் குறைவு. எனவே முகமாலையிலும் முல்லைத்தீவிலும் முழந்தாளிட்டு ஓரோர் அடியாக நிலத்தைக் கிளறும் பணியாளர்களின் உழைப்புக்கு இப்போதைக்கு இது மாற்றாகாது.

மறுபக்கம், வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் கருவி எங்கெல்லாம் நிற்கும் என்பதை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. யூரியாவும் பற்றரியும் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்த 1990களை வடக்கு மறக்கவில்லை. வயலுக்குப் போடும் பசளையும் வானொலிக்குப் போடும் பற்றரியும் அன்று சந்தேகத்துக்குரிய பொருட்களாகின. உடையிலோ வீதியிலோ பொருத்தக்கூடிய இரசாயன உணரிகள் நாளை மலிவாகும்போது, அவை முதலில் வருவது கிணற்றடிக்கா, சோதனைச் சாவடிக்கா என்பது அரசியல் கேள்வி. கருவி தவறாகக் காட்டினால் அதை மறுத்துரைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதும் அப்படித்தான்.

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் மழைநீரே எமது சொத்து. வெடிப்புகளும் குகைகளும் கொண்ட அந்தப் பாறையில் ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் ஊறும். சுன்னாக வழக்கில் எண்ணெய் எப்போது, எங்கிருந்து வந்தது என்ற வாதம் நீண்டதற்கு ஒரு காரணம், மாசு வருவதற்கு முன் அக்கிணறுகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒழுங்கான பதிவு மக்கள் கையில் இல்லாமையே. முற்பதிவு இல்லாதவனின் முறைப்பாடு நீதிமன்றத்தில் நொண்டும்.

ஆகவே புதிய சில்லு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரதேச சபைகள் தமது எல்லைக்குள் தெரிவுசெய்த கிணறுகளின் நீரை ஆண்டுதோறும், மழைக்கு முன்னும் பின்னும், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம். முடிவுகளைத் தமிழில், எது அளக்கப்பட்டது, எது அளக்கப்படவில்லை என்ற விபரத்துடன் பகிரங்கப்படுத்தலாம். நீர் வழங்கல் சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் உள்ள பழைய அறிக்கைகளை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கோரலாம். பல்கலைக்கழகமும் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களும் இதில் துணை நிற்க முடியும்.

இப்படியொரு பதிவேடு இருக்கும் ஊருக்குத்தான் நாளை வரும் உணரி பயன்படும். கருவி காட்டும் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க முன்னைய இலக்கம் வேண்டும். அதை வாசித்துக் கேள்வி கேட்க ஊரில் நாலு பேர் வேண்டும். அவை இல்லாத இடத்தில், எவ்வளவு நுட்பமான சில்லு வந்தாலும் அதன் முடிவை இன்னொருவர்தான் எமக்கு வாசித்துச் சொல்வார்.