நிலம் அறியாக் கல்வி

பல்கலைக்கழகத்தில் ஞாலநூல் (புவியியல்) கற்கப் போகும் மாணவனைப் பார்த்து, "வேறு துறை கிடைக்கவில்லையோ?" என்று கேட்கும் பெற்றோரும் உற்றோரும் நம் நாட்டில் மிகப் பலர். மருத்துவமும் பொறியியலும் கிட்டாதார் ஒதுங்கும் திண்ணையாக அத்துறையைக் கருதுவோர், தாம் நிற்கும் மண்ணையே அறியாதார் ஆவர்.

ஞாலநூல் என்பது தலைநகர்ப் பெயர்களை உருப்போடும் பாடமன்று. மழை ஏன் இங்குப் பெய்கின்றது, ஆறு ஏன் அங்கு வளைகின்றது, ஊர் ஏன் அக்கரையில் அமைந்தது என்று கரணியங் காட்டி விளக்கும் அறிவியல் அது.

நிலத்தை அறிந்தவனே நிலத்தை ஆள்வான். 1802-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியின் படை அலுவலர் இலாம்டன், பரங்கிமலையை ஒட்டிய வெளியில் ஏறத்தாழ ஏழரைக் கல் தொலைவை எஃகுத் தொடரால் அளந்தார். துணைக்கண்டத்தையே முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பேரளவைக்கு அதுவே அடிக்கோடு. அளக்கப்பட்ட மண் நம்முடையது. அளவும் படமும் அவர்கள் கையில் இருந்தன.

இன்று அயலவர் இலர். ஆயினும் நம் மண்ணை நாம் அறிந்தோமா? 2015-ஆம் ஆண்டு நளித் திங்களில் (கார்த்திகை) சென்னை வெள்ளத்துள் மூழ்கியது. மிகுமழை ஒரு கரணியம். நீர் தங்கும் இடங்களை மனைகளாக்கியது மற்றொரு கரணியம். 1920-களில் மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்தே தியாகராயநகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இன்றும் உண்டு; ஏரிதான் இல்லை! பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் அதன் பெரும்பகுதி அழிந்து போயிருந்தது. ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரிந்த ஒரு ஞாலநூல் மாணவன் முன்னரே எச்சரித்திருக்கக் கூடிய கேடு இது.

இனி மொழிக்கு வருவோம். இந்தியப் பொதுப்பாடம் தென்மேற்குப் பருவக்காற்றையே தலைமையாகக் கூறும். துணைக்கண்டத்தின் பெரும்பகுதிக்கு அது சரியே. தமிழ்நாட்டிற்கோ ஆண்டு மழையில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கின்றது. துலை, நளித் திங்கள்களைக் (ஐப்பசி, கார்த்திகை) கூதிர் என்று தனியே பிரித்த மக்கள் நாம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என நாற்றிசைக் காற்றுக்கும் தனிப்பெயர் இட்டவர் நாம். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுகளைக் குறிக்கும் 'தேரி' என்னும் நம் சொல்லை மேலைநாட்டு ஆய்வாளர்களே தம் நூல்களில் அப்படியே எடுத்தாண்டனர். நாமோ அச்சொல்லை நம் வகுப்பறையில் சொல்லக் கூசுகின்றோம்!

ஐந்திணை என்பது பாட்டின் மரபு; அதுவே இற்றை ஞாலநூல் என்று நாம் சொல்லவில்லை. ஆயின், நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்த மொழியில் ஞாலநூல் எழுதச் சொல்லில்லை என்பது வெறும் பொய்.

"செய்கோள் படமும் கணினியும் வந்துவிட்டன, அனைத்தும் ஆங்கிலத்தில் அல்லவா உள்ளன?" என்பர். ஆங்கிலத்தையும் கற்கட்டும், தடுப்பார் யார்? ஆனால் படத்திற்கு மொழி இல்லை. அதைப் படிப்பவனுக்கே உண்டு. வானிலிருந்து பார்க்கச் செந்நிறப் பரப்பாகத் தோன்றுவதைத் தேரி என்றும், அதன் அடியில் நீர் ஊறும் என்றும் அறிந்தவன் அம்மண்ணில் பிறந்தவனே.

எனவே நாம் வேண்டுவன மூன்று. பட்ட வகுப்போடு நில்லாமல் மேற்பட்டத்திலும் ஆய்விலும் ஞாலநூல் தமிழிலேயே நடைபெறல் வேண்டும். ஒவ்வொரு மாணவனும் தன் ஊரின் ஏரி, வாய்க்கால், கழி, ஓடை அனைத்தையும் பழம்பெயரோடு படமெழுதித் தந்த பின்னரே பட்டம் பெறல் வேண்டும். அப்படங்களைக் காணாமல் எந்த நகரமைப்பு அலுவலகமும் மனைக்கு இசைவு தரலாகாது.

தமிழ் இளைஞனே! ஞாலநூல் கடைத்துறை அன்று. உன் காலடி மண்ணைக் கல். அதை உன் தாய்மொழியில் கல். உன் ஏரியின் பெயரை நீ மறந்தால், அந்த ஏரியை விற்பவனுக்கு வேலை எளிதாகிவிடும்.