புதுக் கார் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? ‘ஓட ஓட சரியாகிடும்’ என்பதை எப்போது நம்பலாம்?

மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை போய் வந்தாயிற்று. புதுக் கார் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் பின் சீட்டிலிருந்து முதல் புகார் வருகிறது: “பழைய காரே தேவலாம்பா. இது ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கித் தூக்கிப் போடுது.”

ஷோரூமுக்கு போன் செய்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான். “புது வண்டி சார், சஸ்பென்ஷன் கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆகிடும்.”

இந்தப் பதில் முழுப் பொய் அல்ல. சில விஷயங்கள் ஓட ஓட உண்மையிலேயே சரியாகும். ஆனால், சில விஷயங்கள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் சரியாகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் காத்திருப்பதில்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். 600 கிலோமீட்டரில் ஒரு சத்தத்தைக் காட்டினால், தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. அதே சத்தத்தை 15,000 கிலோமீட்டரில் காட்டினால், “எங்கேயோ பள்ளத்துல விட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட முடியும். பள்ளத்தில் இடித்ததால் வரும் சேதம் பொதுவாக வாரன்ட்டியில் வராது.

எது இயல்பு, எது கோளாறு?

சஸ்பென்ஷனில் முக்கியமாக இரண்டு வேலை நடக்கிறது. காரின் எடையைச் சுமப்பதும், பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். இவற்றையும் சக்கரங்களையும் உடலோடு இணைக்கும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கும். புது வண்டியில் இந்த ரப்பரும், ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் சீலும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டரில் அந்த விறைப்பு ஓரளவு தளரும். ‘செட் ஆகும்’ என்பது இதைத்தான்.

இன்னும் சில விஷயங்கள் காரின் குணம். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏற்றினாலும் தாங்க வேண்டும் என்றுதான் பின்பக்க ஸ்பிரிங்கை அமைக்கிறார்கள். அதனால் ஒருவர் மட்டும் ஓட்டிப் போகும்போது பின்பக்கம் துள்ளும். நான்கு பேர் ஏறினால் அடங்கிவிடும். உயரமான எஸ்யூவி வளைவில் அதிகம் சாயக் கூடாது என்பதால், அதன் சஸ்பென்ஷனைச் சற்று இறுக்கமாக வைப்பது வழக்கம். எலெக்ட்ரிக் காரில் பேட்டரியின் எடையைச் சுமக்க வலுவான ஸ்பிரிங் தேவைப்படுகிறது.

டாப் வேரியன்ட்டின் பெரிய அலாய் வீலும் ஒரு காரணம். 185/65 ஆர்15 டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே சுமார் 120 மி.மீ. ரப்பர் சுவர் இருக்கும். 195/55 ஆர்16 டயரில் அது சுமார் 107 மி.மீ.தான். பார்க்க அழகு, ஆனால் காற்று மெத்தை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஒரே மாடலில் கீழ் வேரியன்ட் சொகுசாகவும் மேல் வேரியன்ட் கடினமாகவும் தெரிவது இதனால்தான்.

சாலையின் பங்கையும் மறக்கக் கூடாது. இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். தெருவில் ஒன்றரை அடி அகலத்தில் சிமென்ட்டைக் குவித்து வைத்திருக்கும் மேட்டில் எந்தக் காரும் இடிக்கத்தான் செய்யும்.

முதல் வேலை: காற்றைப் பாருங்கள்

சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன்பே, செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. தொழிற்சாலையிலிருந்து வந்து யார்டில் வாரக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு, டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடாமல் இருக்க அதிகக் காற்று அடித்து வைப்பதுண்டு. டெலிவரிக்கு முன் அதைச் சரியான அளவுக்குக் குறைக்க வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போனால், 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயரில் 40-க்கு மேல் இருக்கும். கார் கட்டை வண்டி மாதிரி குதிக்கும்.

சரியான அளவு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு அளவு, முழு பாரத்துக்கு ஒரு அளவு என்று இரண்டு இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு; அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. நீண்ட தூரம் ஓடி வந்த டயரில் சூட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், குளிர்ந்த பிறகு காற்று போதாமல் போய்விடும்.

பல நேரங்களில் காற்றைச் சரிசெய்ததுமே பாதிப் புகார் காணாமல் போய்விடும்.

சத்தம் சொல்லும் சேதி

காற்று சரியாக இருந்தும் சத்தம் வருகிறதா? முதலில் டிக்கியைக் காலி செய்ய வேண்டும். ஜாக்கி, ஸ்டெப்னி, டூல் கிட், கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், குழந்தை சீட்டின் கொக்கி, சரியாக இறுக்காத நம்பர் பிளேட் என எல்லாமே சஸ்பென்ஷன் சத்தம் மாதிரி ஏமாற்றும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும்.

* மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் முன்பக்கம் ‘டக் டக்’: ஸ்டெபிலைசர் பார் லிங்க் ராடு தளர்ந்திருக்கலாம்.
* நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’ அல்லது ‘கட’ சத்தம்: ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட்டையும் அதன் பேரிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.
* வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘கிரீச்’: பெரும்பாலும் ரப்பர் புஷ்.
* 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால்: வீல் பேலன்ஸிங், வளைந்த ரிம் அல்லது டயர்.
* கார் ஒரு பக்கமாக இழுத்தால்: இரு பக்க டயர் காற்று, வீல் அலைன்மென்ட், அல்லது டயரே காரணமாக இருக்கலாம். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரம் நோக்கிச் சாய்வாக இருக்கும் என்பதால், இடதுபுறம் லேசாக நகர்வது கோளாறு ஆகாது. சமமான சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.
* ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால்: ஷாக் அப்சார்பர் மேல்தான் சந்தேகம்.

நின்ற காரின் ஒரு மூலையைக் கையால் பலமாக அமுக்கி விட்டால், அது மேலே வந்து ஒரு முறை அசைந்து நின்றுவிட வேண்டும். நான்கு மூலையிலும் இதைச் செய்து, ஒன்று மட்டும் வித்தியாசமாகத் துள்ளினால் குறித்துக்கொள்ளலாம்.

ஓட ஓட சரியாகாதவை

கடினமாக இருக்கிறது என்ற உணர்வு சில வாரங்களில் குறையலாம். ஆனால் சத்தம், ஒரு பக்க இழுப்பு, எண்ணெய் ஒழுகல், கார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பது, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்வது ஆகிய ஐந்தும் ஓடுவதால் சரியாகாது. கூடத்தான் செய்யும்.

ஸ்டீயரிங் தளர்வாக ஆடினாலோ, பிரேக் பிடிக்கும்போது அடியில் பலமாக இடித்தாலோ, ஒரு சக்கரம் சாய்ந்தாற்போல் தெரிந்தாலோ, வண்டியை அதற்கு மேல் ஓட்டிப் போகக் கூடாது. நிறுவனத்தின் சாலையோர உதவி எண்ணை அழைத்து, வண்டியை எடுத்துப் போகச் சொல்வதே பாதுகாப்பு.

சர்வீஸ் சென்டரில் எப்படிப் பேசுவது?

“வண்டி ஒரு மாதிரி இருக்கு” என்று சொன்னால், “பார்த்துட்டோம் சார், ஓகே” என்ற பதில்தான் வரும். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், எத்தனை பேர் இருக்கும்போது, காலையிலா, வண்டி சூடான பிறகா என்று ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து வைக்கலாம். ஓட்டுபவர் எடுக்கக் கூடாது.

வண்டியை விட்டுவிட்டு வருவதைவிட, டெக்னீஷியனை அருகில் உட்காரவைத்து, சத்தம் வரும் சாலையில் ஓட்டிக் காட்டுவது நல்லது. “இந்த மாடலே இப்படித்தான் சார்” என்று சொன்னால் சண்டை வேண்டாம். “அப்போ உங்க டெஸ்ட் டிரைவ் வண்டியை இதே ரோட்டுல ஓட்டிப் பார்த்துடலாமா?” என்று கேட்டால் போதும். அதே வேரியன்ட், அதே டயர் அளவு, அதே காற்று இருக்கும் இரண்டு கார்களை ஒரே வேகத்தடையில் ஓட்டிப் பார்ப்பதைப் போல நேர்மையான சோதனை வேறு இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் அது காரின் குணம். வித்தியாசம் தெரிந்தால் அது கோளாறு. அதை அவர்களும் மறுக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஜாப் கார்டு. அதில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடக் கூடாது. ‘30 கி.மீ. வேகத்தில், முன் இடது பக்கம் டக் சத்தம்’ என்று வாடிக்கையாளர் சொன்னபடி, தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதச் சொல்ல வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். “பிரச்னை எதுவும் இல்லை” என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லலாம். வாயால் சொன்ன புகாருக்கு ஆறு மாதம் கழித்துச் சாட்சி கிடையாது.

இதையெல்லாம் செய்ய வேண்டாம்

சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தூக்கிவிடலாம் என்று ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவது, பெரிய டயர் மாட்டுவது, வெளியில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துப் பார்ப்பது: புகார் முடியும் வரை இந்த மூன்றும் வேண்டாம். உண்மையான கோளாறே இருந்தாலும், “நீங்கள் கை வைத்ததால் வந்தது” என்று வாரன்ட்டியை மறுக்க அது போதும்.

இடுப்பு வலி இருக்கும் பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை: பின் சக்கரங்களுக்கு மேலே வரும் மூன்றாவது வரிசை சீட்டில்தான் ஆட்டம் அதிகம். இரண்டு அச்சுக்கும் நடுவே இருக்கும் சீட்டில் குறைவு. கார் சரியாகும் வரை அவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும்.

கேட்கவே இல்லை என்றால்?

ஒரே புகாருக்கு இரண்டு மூன்று முறை போயும் தீரவில்லை என்றால், சர்வீஸ் மேனேஜரைத் தாண்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு, ஜாப் கார்டு நகல்களோடு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்க வேண்டும். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதியலாம்.

கடைசி வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தேவைப்பட்டால் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எதிர்பார்ப்பு மட்டும் நியாயமாக இருக்கட்டும். பழுதான பாகத்தை மாற்றினாலே குறை தீரும் என்றால், முழு காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு கார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. “புதுக் கார் கொடு” என்று தொடங்குவதைவிட, “இந்தக் கோளாறைச் சரிசெய்து கொடு” என்று தொடங்கினால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

பல நிறுவனங்களில் முதல் இலவச சர்வீஸ் ஒரு மாதம் அல்லது 1,000 கிலோமீட்டரில் வரும். அதை வெறும் தண்ணீர் சர்வீஸாக விட்டுவிடக் கூடாது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஊரிலேயே மோசமான சாலையில் அரை மணி நேரம் போய் வாருங்கள். பாட்டு வேண்டாம், ஏசி ஃபேனைக் குறைத்துவிடுங்கள். பின் சீட்டில் இருப்பவர்கள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டு போய், ஜாப் கார்டில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஐந்து வருஷம், ஏழு வருஷம் இ.எம்.ஐ. கட்டப்போகும் காருக்கு அந்த அரை மணி நேரம் பெரிய செலவில்லை.