ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும் துணிமூட்டை

வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெறும் ஓய்வு நாளன்று. தாய்மொழியில் நாலு பேரோடு அளவளாவுவதற்கும், குழந்தைகளைத் தமிழ் வகுப்பிற்கு அழைத்துச் செல்வதற்கும், ஊரிலுள்ள பெற்றோரிடம் ஆற அமரப் பேசுவதற்கும் வாரத்தில் வாய்ப்பது அந்த ஒரு நாள்தான். அந்த நாளைப் பல இல்லங்களில் துணிமூட்டை விழுங்கிவிடுகிறது. சங்கக் கூட்டங்களில் மகளிர் அமரும் பக்கம் பாதி வெறுமையாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

‘சலவை இயந்திரம் வந்துவிட்டதே, இனி என்ன வேலை?’ என்று வினவும் அன்பர்கள் உளர். இயந்திரம் துவைக்கும், அலசும், பிழியும். அழுக்குத் துணியைத் திரட்டுவதும், இனம் பிரிப்பதும், உதறிக் கொடியில் போடுவதும், மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பதும், மடிப்பதும், இஸ்திரி போடுவதும், உரியவர் அலமாரியில் சேர்ப்பதும் இன்னும் மனிதக் கைகளின் வேலையே. ஆகவே வழக்கத்தை மாற்றினாலன்றிச் சுமை குறையாது.

முதலில், எல்லாத் துணியையும் ஒரே கணக்கில் துவைக்கும் வழக்கத்தை விட வேண்டும். இரயில்வேயில் குளிர்வசதிப் பெட்டிப் பயணிகளுக்குத் தரும் விரிப்புகள் ஒவ்வொரு பயன்பாட்டிற்குப் பின்னும் வெளுக்கப்பட வேண்டும். கம்பளிகளோ மாதத்திற்கு ஒரு முறையேனும் வெளுக்கப்படுகின்றன என்று 2024-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. உடலோடு ஒட்டுவதற்கு ஒரு கணக்கு, மேலே போர்த்துவதற்கு வேறு கணக்கு. இல்லத்திலும் இப்படியே வகுத்துக்கொள்ளலாம். உள்ளாடை, பனியன், பள்ளிச் சட்டை ஆகியவை ஒரு முறை உடுத்தியதும் துவைக்கத் தக்கவை. அழுக்குப் படாத காற்சட்டையையும், மாலையில் ஒரு மணி நேரம் உடுத்திய புடவையையும் காற்றாட உலர்த்தி மறுமுறை உடுத்துவதில் குறையொன்றுமில்லை. படுக்கை விரிப்புக்கு வாரம் ஒரு முறை போதும். இங்ஙனம் பிரித்தபின் புதன் மாலை ஒரு பகுதி, சனி மாலை ஒரு பகுதி என்று வேலையை வைத்துக்கொண்டால் ஞாயிறு விடுபடும்.

சலவைத் தூளிலும் அளவு வேண்டும். தூள் மிகுந்தால் வெண்மை மிகும் என்பது மயக்கம். மிகுவது நுரையும், அதை அலசும் நீரும், நேரமும். பம்பாய் நகருக்குக் குழாயில் வரும் ஏரி நீர் மென்னீர். அதில் சிறிதளவு தூளே போதும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பி வாழும் இடங்களில் பெரும்பாலும் கடின நீரே கிடைக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சவர்க்காரம் கலந்து திரிந்து, துணியில் சாம்பல் நிறமாய்ப் படியும். அத்தகைய இடங்களில் கட்டிச் சவர்க்காரத்தைவிடத் தூளே ஏற்றது.

நம் சமையலில் மஞ்சள் உண்டு. ஆகையால் மஞ்சட்கறையும் உண்டு. சவர்க்காரம் பட்டவுடன் கறை சிவப்பாவதைக் கண்டு அஞ்சித் தேய்த்துத் தேய்த்துத் துணியைக் கிழிப்பாருண்டு. காரத்தினால் மஞ்சள் சிவப்பாவது இயல்பு. நன்றாக அலசி வெயிலில் போட்டால் ஓரிரு நாளில் கறை தானே மங்கும். கை செய்யும் வேலையைக் கதிரவனுக்கு விட்டுவிடலாம்.

இஸ்திரியின் பாதி வேலை கொடியிலேயே முடிகிறது. பிழிந்த துணியை நன்றாக உதறி, தையல் ஓரங்களை நீவி இழுத்து, சட்டையைத் தொங்கியில் மாட்டிக் காயவிட்டால் சுருக்கம் பெரிதும் குறையும். துண்டு, பனியன், லுங்கி, விரிப்பு இவற்றிற்கு இஸ்திரியே வேண்டியதில்லை. காய்ந்தவுடன் மடித்து அடுக்கினாற் போதும். எஞ்சியவற்றைத் தினமும் ஒவ்வொன்றாகச் செய்யாமல் வாரத்தில் ஒரே அமர்வில் முடிப்பது நலம். 1000 வாட் பெட்டி இடைவிடாது ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். காலைதோறும் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடேற்றுவது வீண். மெல்லிய சூடு போதுமான பாலியெஸ்டர் துணிகளை முதலிலும், நீர் தெளித்துச் சுருட்டி வைத்த பருத்தித் துணிகளைப் பின்னும் எடுத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எஞ்சிய சூட்டில் கைக்குட்டைகளை முடிக்கலாம். மழைக்காலத்தில் கஞ்சி போடுவதைத் தவிர்ப்பதும், ஈரம் சிறிதுமின்றி உலர்ந்த பின்னரே அலமாரியில் வைப்பதும் பூஞ்சைக்கு இடம் தராத வழிகள்.

இனி, யார் செய்வது என்ற கேள்வி. பம்பாயில் மகாலட்சுமி நிலையத்தருகே பாலத்தின்மேல் நின்று கீழே நோக்குவோர், வண்ணான்துறையின் கற்றொட்டிகளில் பெரும்பாலும் ஆடவரே துவைப்பதைக் காண்பர். தெருமுனையில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுவோரிலும் ஆடவர் பலர். கூலி கிடைக்குமிடத்தில் ஆணின் தொழிலாயிருப்பது, கூலியற்ற வீட்டிற்குள் வந்தவுடன் பெண்ணின் கடமையாக மாறிவிடுவது எந்த நியாயம்? அவரவர் அலுவலக உடைக்கு அவரவரே இஸ்திரி போட்டுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. பத்து வயது நிரம்பிய பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், தன் துணியை மடித்து அடுக்கப் பழகலாம். ஊரில் பாட்டியும் அத்தையும் பகிர்ந்துகொண்ட வேலை இங்கே ஒருவர் தோளில் விழுந்திருக்கிறது என்பதைக் குடும்பத் தலைவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியே கொடுத்து வாங்கும் வசதியுள்ளோர், விசேஷ உடைகளை மட்டும் இஸ்திரிக்காரரிடம் கொடுத்து, எண்ணிக்கையைக் குறித்து வைத்து, கணக்கை அன்றன்றே தீர்ப்பது நன்று. கரிச்சூட்டில் நாள் முழுதும் நிற்பவரோடு ஒரு ரூபாய்க்கு வாதாடுவது சிக்கனமாகாது.

வரும் சனிக்கிழமை மாலையே துணியை முடித்துவிட்டு, ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகளோடு தாய்மாரும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.