வில்லை வீட்டுல வெச்சுட்டு வாங்க!

திருத்தணியிலிருந்து ஒரு காலேஜ் வாசகர் எழுதியிருக்கார். 'அமெரிக்காவுல இலையுதிர் காலத்துல காட்டுக்குள்ள டென்ட் அடிச்சு, வில்லும் அம்புமா மான் வேட்டைக்குப் போறதை வீடியோவுல பார்த்தோம். செம த்ரில்! நாங்க நாலு பேர். பக்கத்துலயே நகரி மலை இருக்கு. ஐப்பசியில ரெண்டு நாள் கேம்ப் போடப் போறோம். வில்லுகூட ஆன்லைன்ல பார்த்து வெச்சாச்சு. வேற என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?'

பாஸ், லிஸ்ட்ல முதல்ல ஒரு நல்ல வக்கீலோட போன் நம்பரை எழுதிக்கோங்க!

சும்மா கலாய்க்கலை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே கிடையாது. துப்பாக்கியா, வில்லா, கண்ணியானு சட்டம் வித்தியாசம் பார்க்காது. 'அம்பு குறி தப்பிடுச்சு சார்'னும் தப்பிக்க முடியாது. முயற்சி பண்ணினாலே அது வேட்டைதான். முதல் அட்டவணையில இருக்குற விலங்குன்னா மூணுலேர்ந்து ஏழு வருஷம் உள்ளே. சரணாலயமா இருந்தா, அனுமதியில்லாம ஆயுதத்தோட உள்ளே போறதே தனிக் குற்றம். கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆகி, கடைசியில போலீஸ் வெரிஃபிகேஷன்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற நிலைமை நம்ம வாசகருக்கு வேண்டாமே!

அம்பு விட்டே ஆகணும்னு கை பரபரக்குதா? வில்வித்தை கிளப்ல சேருங்க. பல வருஷமா காணாமப் போயிருந்த வில்வித்தை ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பி வந்ததும் அதே 1972-லதான்.

உங்க ஊர்க்காரர் கதையையே எடுத்துக்கோங்க. முருகன் வள்ளியைப் பார்க்க வேடன் வேஷத்துல வந்தார். வேடர் தலைவன் நம்பிராஜன் வந்ததும் வேங்கை மரமா நின்னார். அப்புறம் தாத்தா வேஷம். அதுவும் பலிக்காம அண்ணனை யானையா வரச்சொல்லி... கடைசியா கல்யாணம் நடந்த இடம் திருத்தணி. வள்ளி தினைப்புனத்துல பரண் மேல உட்கார்ந்து கிளி ஓட்டினாங்களே, அந்தப் பரணைத்தான் அமெரிக்காக்காரன் மரத்துல கட்டி, 'ட்ரீ ஸ்டாண்ட்'னு பேர் வெச்சு விற்கிறான்!

இப்போ மேட்டருக்கு வருவோம். வில்லை வேண்டாம்னுதான் சொன்னேன், கேம்ப்பை இல்லை. வில் வேட்டைக்காரங்ககிட்ட நாம கத்துக்க வேண்டியதே அந்த கேம்ப் போடுற வித்தையைத்தான். துப்பாக்கின்னா தூரத்துலேர்ந்தே சுட்டுடலாம். வில்லுக்கு முப்பது, நாற்பது கஜம் வரைக்கும் கிட்ட போகணும். அவ்வளவு நெருங்குற வரைக்கும் மானுக்கு நம்ம வாசனையும் தெரியக்கூடாது, சத்தமும் கேட்கக்கூடாது. கையில கேமரா இருந்தாலும் இதே கணக்குதான்.

முதல்ல காலம். அவங்களுக்கு இலையுதிர் காலம், நமக்கு அடைமழைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில ஓடைக்கரையில டென்ட் அடிக்கிறது தற்கொலை. உங்க தலைக்கு மேல வானம் பளிச்சுனு இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துட்டு இருக்கும். மழைக்காலத்துல ஆந்திராவுல கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தா, பள்ளிப்பட்டு பக்கம் கொசஸ்தலை ஆத்துல வெள்ளம் வருதே, பார்த்திருப்பீங்க. அதே கதைதான் சின்ன ஓடையிலும். அங்கே எச்சரிக்கை செய்ய வி.ஏ.ஓ.கூட வர மாட்டார். அதனால ப்ளானைத் தை மாசத்துக்குத் தள்ளுங்க. மாசி தாண்டினா காஞ்ச புல், காட்டுத்தீ. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க தீயில சிக்கி இருபதுக்கும் மேல செத்துப்போனாங்களே... அதுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தது.

அடுத்து இடம். 1960-ல திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. நகரி ஆந்திராவிலேயே நின்னுடுச்சு. அதனால அந்த மலைக் காட்டுக்குள்ள போகணும்னா அவங்க வனத்துறை அனுமதி வேணும். காப்புக்காட்டுக்குள்ள திருட்டுத்தனமா ராத்திரி தங்குறதெல்லாம் ரெண்டு பக்கமும் கேஸ்தான். அதைவிட மலையடிவாரத்துல தெரிஞ்சவங்க மாந்தோப்பு இருக்கும்ல? தோப்புக்காரர்கிட்ட கேட்டு அங்கேயே கேம்ப் போடுங்க. பகல்ல மட்டும் அனுமதியுள்ள பாதையில நடந்துட்டு வாங்க. 2024-ல ஆரம்பிச்ச அரசோட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல புக் பண்ணினா வழிகாட்டியோட போகலாம்.

நான் சொல்வேன், உங்களுக்கு நகரியைவிட பூண்டி பக்கம் இருக்கிற குடியம் குகைதான் பெஸ்ட். ஏன்னா அது நிஜமாவே கல்லாயுத மனுஷங்க தங்கின இடம். கிட்டத்துலயே அத்திரம்பாக்கம். 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். அதுல பழசு சுமார் பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முந்தினதுன்னு 2011-ல ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. வில் எல்லாம் ரொம்ப ரொம்ப லேட்டா வந்த ஐட்டம்! அவங்க இடம் பிடிச்ச அழகைப் பாருங்க. கல்லாயுதம் செய்யத் தோதான கல்லு, பக்கத்துல தண்ணி, மழைக்கு ஒதுங்கப் பாறை.

டென்ட் வாங்கியாச்சா? தாழ்வான குழியில அடிக்காதீங்க, ராத்திரி குளிரும் ஈரமும் அங்கேதான் வந்து தேங்கும். பட்டுப்போன கிளை தலைக்கு மேல இருக்கானு அண்ணாந்து பாருங்க. அப்புறம் காத்து. பகல்ல சூடான காத்து மலை மேல ஏறும். பொழுது சாய்ஞ்சதும் குளிர்ந்து கீழே இறங்கும். விடிகாலையில நீங்க மேலே இருந்தா, உங்க வாசனை மொத்தமும் கீழே மேயுற மானுக்குப் போயிடும். வெளிநாட்டு வேட்டைக்காரங்க பவுடரை ஊதி காத்து திசை பார்ப்பாங்க. உங்களுக்கென்ன, பாக்கெட்லயே விபூதிப் பொட்டலம் இருக்குமே! ஒரு சிட்டிகை உதிர்த்துவிட்டுப் பாருங்க. பாடி ஸ்ப்ரே, கொசுவத்தி, ஸ்பீக்கர் மூணுக்கும் தடா.

சமையலை டென்ட்லேர்ந்து நூறு அடியாவது தள்ளி வெச்சுக்கோங்க. மிச்சத்தை மூடி அங்கேயே உயரத்துல கட்டுங்க. திருத்தணி மலைக் குரங்கோட வளர்ந்த உங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா? புளிசாதம், வேகவெச்ச கடலை போதும். தண்ணி ஆளுக்கு நாலு லிட்டர் ஒரு நாளைக்கு. ஓடைத் தண்ணின்னா கொதிக்க வைக்காம குடிக்காதீங்க.

சீரியஸா ஒண்ணு. ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு வயக்காட்டுப் பக்கம் சுத்தாதீங்க. காட்டுப்பன்றி வராம இருக்க சிலர் வேலிக் கம்பியில திருட்டுத்தனமா கரன்ட் விடுறாங்க. அதுல பன்றி மட்டும் சாகறதில்லை. தோப்புக்காரரை முன்னாடியே கேட்டுக்குங்க, எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு. வெட்கப்படாம கேளுங்க.

வேட்டை ஆடாம காட்டுல என்ன கிக்குன்னு கேட்பீங்க. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978-லேர்ந்து இருக்கு. பாம்புத் தோலுக்காகப் பிடிச்சுப் பிழைச்சவங்க. சட்டம் வந்ததும் பிழைப்பே போச்சு. அப்புறம் அதே பாம்பைப் பிடிச்சு, மருந்துக்காக விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட ஆரம்பிச்சாங்க. மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரையும் 2017-ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்கே கூப்பிட்டாங்க, அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. தரையில இருக்குற தடத்தைப் படிக்கிற கண்ணுதான் அவங்க சொத்து. ரெண்டு நாள் கேம்ப்ல நாலு குளம்புத் தடத்தைப் பார்த்து எது மான், எது பன்றின்னு சொல்லிட்டீங்கன்னா, அந்த வீடியோக்காரரைவிட நீங்க பெரிய ஆளு.

பாம்புன்னதும் ஞாபகம் வருது. கட்டுவிரியன் ராத்திரி வரும், தரையில தூங்குறவங்களைக் கடிக்கும், கடிச்ச வலிகூடச் சரியாத் தெரியாது. டென்ட் ஜிப்பை முழுசா இழுத்து மூடுங்க. திறந்தவெளியில படுத்தா கொசுவலை ஓரத்தைச் சுத்தியும் பாய்க்கு அடியில செருகிடுங்க. காலையில ஷூவைத் தட்டிட்டுப் போடுங்க. ஏதாவது ஆச்சுன்னா கீறி ரத்தம் எடுக்குறது, கட்டுப் போடுறதுனு சினிமா வேலை வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. கிளம்புறதுக்கு முன்னாடியே அங்கே சிக்னல் கிடைக்குதா, ராத்திரி வண்டி வர வழி இருக்கானு பார்த்து வெச்சுடுங்க.

தோப்புக்காரருக்கு அரைக் கிலோ ஸ்வீட் வாங்கிட்டுப் போக மறந்துடாதீங்க!