நாகப் பெண்ணின் பிள்ளைக்கு ஒரு முன்கதை

மாய உலகக் கதைகளும் விளையாட்டுகளும் தமிழ் இளைஞர்களிடம் பரவியதிலிருந்து, எல்ஃப் பாத்திரங்களுக்கு முன்கதை எழுதும் பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது. வயது முந்நூறு, கூர்மையான காது, வெள்ளிக் கூந்தல், எதிரிகள் எரித்த ஊர், மிஞ்சிய ஒரே பிள்ளை. பத்தில் எட்டு இப்படித்தான் இருக்கும். படிக்கச் சோகமாக இருக்குமே தவிர, கதைக்குள் அந்த எல்ஃப் என்ன செய்யப்போகிறான் என்பதற்கு அதில் ஒரு துப்பும் கிடைக்காது.

இந்தக் கலைக்கு வெளிநாட்டுக் கையேடு தேட வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையே போதும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பத்தின் நடுப்பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். இடுப்புக்கு மேல் மனித உடல், கீழே பாம்பு வால், தலைக்கு மேல் விரிந்த படம், கூப்பிய கை. பக்கத்திலேயே பறவைக் கால்களோடு கின்னரர்கள். பல்லவர்கள் இவர்களைக் கல்லில் செதுக்கியதோடு விடவில்லை; தங்கள் வம்சாவளிக்குள்ளேயே அழைத்துக்கொண்டார்கள்.

அமராவதித் தூண் கல்வெட்டில் அசுவத்தாமனுக்கும் மதனி என்ற அப்சரசுக்கும் பிறந்தவன் பல்லவன். இராயக்கோட்டைச் செப்பேட்டில் அதே அசுவத்தாமன்தான் தகப்பன். தாய் மட்டும் நாகப் பெண்ணாகிவிடுகிறாள். மூன்றாம் நந்திவர்மன் காலத்து வேலூர்ப்பாளையம் செப்பேடோ, பல்லவ முன்னோனான வீரகூர்ச்சன் நாகராசன் மகளோடு அரச சின்னங்களையும் சேர்த்தே கைப்பற்றியதாகச் சொல்கிறது. தகப்பன் வழி பாரத்துவாச கோத்திரம் என்பது கெட்டி. பெண் வீட்டார்தான் செப்பேட்டுக்குச் செப்பேடு மாறுகிறார்கள். வரலாறாக இதை யாரும் நம்ப வேண்டாம். 'ஆளும் உரிமை உனக்கு எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்குப் பதிலாகப் படித்தால், எழுதியவர்களின் சாமர்த்தியம் தெரியும்.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும் இதே வேலையைத்தான் செய்தார். அவருடைய அரகோர்ன் அரியணை கோருவது இசில்தூரின் வாரிசு என்ற உரிமையில்; அந்த வம்சத்தின் மூலவன் எல்ரோஸ். எல்ரோசும் எல்ரோண்டும் உடன்பிறந்த அரை எல்ஃப்கள். முன்னவன் சாகும் மனிதனாக வாழ்வதையும் பின்னவன் சாவில்லா வாழ்வையும் தேர்ந்தார்கள். அந்த ஒரு முடிவு பல தலைமுறைகளுக்குப் பிறகும் கதையைத் தள்ளிக்கொண்டு போகிறது.

மறுபடி தமிழுக்கு வந்தால், சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையின் தலைவன், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அவன் பிறப்பை நச்சினார்க்கினியர் தம் உரையில் சொல்கிறார். நாகப்பட்டினத்துச் சோழன் பிலத்தின் வழியே நாகலோகம் போய் நாக கன்னியைக் கூடுகிறான். பிள்ளை பிறந்தால்? தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரையேறினால் நாடு தருகிறேன் என்கிறான். எப்பேர்ப்பட்ட தகப்பன்! ஆனால் முன்கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த ஒரு வாக்கில் இருக்கிறது: ஓர் அடையாளம், ஒரு நிபந்தனை, வளர்ந்த பிள்ளை கேட்டே தீர வேண்டிய ஒரு கணக்கு.

மணிமேகலை சொல்வது இன்னும் கடுமையானது. நாகநாட்டு இளவரசி பீலிவளை புகாரில் சோழ மன்னன் கிள்ளியோடு ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போகிறாள். பிறகு மணிபல்லவத் தீவில் கம்பளச் செட்டி என்ற வணிகனின் கப்பலில் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது. மகனைத் தேடும் தவிப்பில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு குடும்பத்தின் துயரம் ஒரு நகரத்தையே இழுத்துக்கொண்டு போகும் கட்டுமானம் இது.

இந்த இரண்டு கதைகளிலும் நாகப் பெண் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறாள். பீலிவளை ஏன் போனாள், பிள்ளையை ஏன் பிறர் கையில் ஒப்படைத்தாள், கப்பல் உடைந்த சேதி அவளுக்கு எட்டியதா? கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ உட்கார்ந்து புது எல்ஃப் ஒன்றை யோசிக்கிறவர், காதின் நீளத்தை விட்டுவிட்டு இவளிடமிருந்து தொடங்கலாம்.