நிலத்துக்கு விலை சொல்வது யார்?

நெய்வேலி நகரியத்தில் வீடு வாங்க முடியாது. வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டு, மர நிழலில் வரிசையாக நிற்கும் குடியிருப்புகள் அனைத்தும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. பணி ஓய்வு பெறுபவர் சாவியை ஒப்படைத்துவிட்டு வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ மனை தேட வேண்டும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊரில் ஒரு சதுர அடி என்ன விலை என்பது அவருக்குத் தெரியாது. அங்கே சந்தையே இல்லை. வேலிக்கு வெளியே நிலைமை நேர்மாறானது. 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது, 1956-இல் என்.எல்.சி. தொடங்கப்பட்டது. அன்று முதல் சுற்றுவட்டக் கிராமங்களில் ஓயாத பேச்சு நிலத்தின் விலையைப் பற்றியதுதான்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து கட்டுமானப் பொறியியல் படித்து வரும் இளைஞர் ஒருவர் சொத்து மதிப்பீட்டாளராக விரும்பினால், அவர் எந்த வழியில் போவது? அவர் முன் மூன்று கதவுகள் இருக்கின்றன; மூன்றும் ஒன்றோடொன்று சேராதவை.

பழைய கதவு வருமான வரித் துறையுடையது. செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவின்படி பதிவு பெறும் முறை அது. செல்வ வரியே 2015-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனால், அந்த வரிக்காக உருவான மதிப்பீட்டாளர் பதிவு மட்டும் பிழைத்துக்கொண்டது. தாத்தா காலத்து வீட்டை விற்பவர் மூலதன ஆதாய வரியைக் கணக்கிட 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு என்ன என்று காட்ட வேண்டியிருப்பதால் இதற்கு இன்றும் தேவை உண்டு. ஆனால், இந்தப் பதிவுக்குப் பட்டதாரிப் பொறியாளரிடம் 10 ஆண்டு அனுபவம் கேட்கப்படுகிறது. 25 வயதுக்காரருக்கு இது இப்போதைக்குத் திறக்காது.

இரண்டாவது, நிறுவனங்கள் சட்டத்தின் 247-ஆவது பிரிவு. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் பதிவு வழங்குகிறது. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து, 50 மணி நேரப் பயிற்சி முடித்து, கணினி வழித் தேர்வில் 60 விழுக்காடு பெற வேண்டும். நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குகளும் நிதிச் சொத்துகளும் என மூன்று வகைகள். முதல் வகைக்குக் கட்டுமானப் பொறியியல், கட்டடக் கலை, நகரமைப்பு ஆகியவற்றில் பட்டமும் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். முதுநிலைப் பட்டம் இருந்தால் 3 ஆண்டு போதும். சொத்து மதிப்பீட்டிலேயே முதுநிலை படித்தவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் அது இரண்டாண்டு முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும் என்கிறது விதி. தொலைநிலைக் கல்வியில் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு வரியைப் படித்துவிடுவது நல்லது. நெய்வேலியில் மலிந்து கிடக்கும் இயந்திரவியல், மின்னியல் பட்டதாரிகளுக்கு இரண்டாவது வகை திறந்திருக்கிறது என்பதும் பலர் கவனிக்காத செய்தி.

மூன்றாவது கதவு, வங்கிகளின் பட்டியல். பெரும்பாலோருக்குச் சோறு போடுவது இதுதான். வீட்டுக் கடனுக்கு மனு போடும் ஓய்வூழியரின் வடலூர் மனைக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவர் வங்கியின் பட்டியலில் இருக்க வேண்டும். 2007-இல் ரிசர்வ் வங்கி, வங்கிகள் இதற்கென இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றும், 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துக்கு இரண்டு மதிப்பீட்டாளர்களின் அறிக்கை வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஆனால், யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்பது அந்தந்த வங்கியின் விருப்பம். கட்டணம் கட்டுபவர் கடன் கேட்பவர், வேலை தருபவர் வங்கி, கடன் கிடைக்க வேண்டும் என்ற அவசரமோ எல்லோருக்கும். இந்த முக்கோணத்துக்குள் நின்று, 'இந்த மனை அவ்வளவு பெறாது' என்று எழுத இளம் மதிப்பீட்டாளருக்கு முதுகெலும்பு வேண்டும்.

அமெரிக்காவில் 1980-களின் சேமிப்பு வங்கிச் சரிவுக்குப் பிறகு, 1989-இல் வந்த சட்டம் மதிப்பீட்டாளர் உரிமத்துக்கு அடித்தளம் போட்டது. அங்கே பயிற்சியாளராகத் தொடங்கி, உரிமம் பெற்ற மூத்தவரின் மேற்பார்வையில் மணிக்கணக்கில் வேலை பார்த்துத்தான் பெரும்பாலோர் மேலே ஏறுகிறார்கள். நம் விதியில் கேட்கப்படுவது துறை அனுபவம். ஐந்து ஆண்டு பாலம் கட்டியவர், ஒரு கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமலேயே தேர்வெழுதி மதிப்பீட்டாளர் ஆகலாம். எம்.எஸ். சாஹு தலைமையிலான வல்லுநர் குழு 2020-இல் மதிப்பீட்டாளர்களுக்கெனத் தேசிய நிறுவனமும் தனிச் சட்டமும் வேண்டும் என்று வரைவு தந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

ஆகவே, நெய்வேலி இளைஞருக்கு என் யோசனை: வாரியத்தின் பதிவைக் குறிவையுங்கள், ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளையும் மூத்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கழியுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் வயல் வரப்புக்கும் நடந்து கற்பதை 50 மணி நேர வகுப்பு தராது.

சரி, உரிமம் கிடைத்துவிட்டது. இவரை மிகவும் வேண்டுபவர் யார்? நகரியத்துக்கு வெளியே நிலம் இழக்கும் விவசாயி. அவரிடம் போக இந்த மூன்று கதவுகளில் எதுவும் வழிவிடவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தலானது.

தமிழ்நாட்டில் தொழில் தேவைக்கான நிலம் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி எடுக்கப்படுகிறது. 2019-இல் உயர் நீதிமன்றத்தில் அது அடிபட்டு, மீண்டும் இயற்றப்பட்டு, 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. இழப்பீட்டைக் கணிக்க 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் முறையே அடிப்படை. அதன் 26-ஆவது பிரிவு சூத்திரம் ஒன்றைத் தருகிறது: முத்திரைச் சட்டப்படியான மதிப்பு, அல்லது அருகிலுள்ள ஒத்த நிலங்களின் மூன்றாண்டுக் கிரயப் பத்திரங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி, அல்லது ஒப்புக்கொண்ட தொகை, இவற்றில் எது அதிகமோ அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், நம் ஊரில் பத்திரத்தில் எழுதும் விலையும் கை மாறும் விலையும் ஒன்றா? முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதும் பழக்கம், பத்தாண்டு கழித்து அதே கிராமத்தாரின் இழப்பீட்டைக் கடிக்கிறது. அந்த வழிகாட்டி மதிப்பையும் 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் அரசு 33 விழுக்காடு குறைத்தது. நிலம் எடுக்கப்படும் என்ற பேச்சு எழுந்த கிராமத்தில் வாங்குவோரும் குறைகிறார்கள். ஒப்பிடப் பத்திரங்களே அரிதாகின்றன.

வீட்டையும் பிற கட்டுமானங்களையும் மதிப்பிடப் பொறியாளரையோ வல்லுநரையோ, மரத்துக்கும் பயிருக்கும் வேளாண் அறிவுள்ளவர்களையோ ஆட்சியர் பயன்படுத்தலாம் என்கிறது 29-ஆவது பிரிவு. 'பயன்படுத்தலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஆட்சியரின் ஆட்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல் வயல்களுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது நாடே அதிர்ந்தது. பின்னர் உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் வழங்கச் சொன்னது. நிலத்தைப் பற்றிய வழக்கும் பயிரைப் பற்றிய வழக்கும் அந்த அளவுக்கு முற்றும் வரை, விவசாயியின் பக்கம் நின்று கணக்குச் சொல்ல முறையான ஒருவர் இல்லை.

பிரிட்டனில் கட்டாயமாக நிலம் இழப்பவர் தமக்கென ஒரு சர்வேயரை அமர்த்திக்கொள்ளலாம். நியாயமான கட்டணத்தை நிலம் எடுக்கும் அமைப்பிடமே இழப்பீட்டோடு பெறலாம். இங்கே அதைச் செய்ய ஒரு விதித் திருத்தம் போதும். விருத்தாசலத்திலும் கடலூரிலும் இளம் மதிப்பீட்டாளர்களுக்கு வங்கிப் பட்டியலை நம்பாத வேலையும் உருவாகும். இப்போதைக்கு அந்த விவசாயியின் முன் இருப்பது, தீர்வத்தை எதிர்த்து விண்ணப்பிக்கச் சட்டம் தரும் குறுகிய அவகாசம் மட்டுமே. அதற்குள் அவர் ஒரு மதிப்பீட்டாளரைத் தேடிப் பிடித்து, கைக்காசு கொடுத்து, அறிக்கை வாங்கியாக வேண்டும்.